கேட்காமல் திறந்த பால்கனித் தடுப்பு

கப்பலில் கேபின் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, துண்டில் யானை செய்வது எப்படி, படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுப்பது எப்படி என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் அதற்குள் போகப் போவதில்லை. போனாலும் உங்களுக்குப் பயன் இல்லை. வருடக்கணக்காகத் துண்டை மடித்தும் என் யானையைப் பார்த்த குழந்தைகள் பெருச்சாளி என்றுதான் கைதட்டின.

நான் சொல்ல வந்தது ஒரு தடுப்பைப் பற்றி. பால்கனி வைத்த கேபின்களில், இந்தப் பால்கனிக்கும் அடுத்த பால்கனிக்கும் நடுவில் ஆளை மறைக்கும் உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும். அதில் கீல் உண்டு. நம் சாவிக்கொத்தில் தொங்கும் சதுர மூக்குச் சாவியைப் போட்டுத் திருகினால் கதவைப் போல மடங்கி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பால்கனியும் ஒன்றாகிவிடும். குடும்பமாக வருகிறவர்கள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள். திறக்க அரை நிமிடம் போதும். ஒரு தடவை அந்த அரை நிமிடத்தில் நான் செய்த காரியத்தைச் சரிசெய்ய இரண்டரைப் பொய்யும் ஒரு எச்சரிக்கைக் கடிதமும் தேவைப்பட்டன. அந்த அரைப் பொய்யைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விதி இதுதான். இரண்டு கேபினிலும் இருக்கும் ஒவ்வொருவரையும் நேரில் கேட்க வேண்டும். பிறகு டெக் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் காற்று நிலவரம் விசாரித்துச் சரி என்றால் திறக்கலாம். இதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். புதிதாக வருகிறவர்களுக்கு விரலை ஆட்டிச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அந்தத் துறையில் நான் ரொம்ப சீனியர்.

மும்பையிலிருந்து கிளம்பி லட்சத்தீவு போய்த் திரும்பும் நான்கு நாள் பயணம் அது. மதியம் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் வரிசையின் கடைசி இரண்டு கேபின்களும் ஒரே குடும்பத்துக்கு. முதல் கேபினில் அண்ணன் சேதுராமனும் அவர் மனைவி மங்களமும். அண்ணன் வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த கேபினில் தம்பி கிருஷ்ணனும் அவர் மனைவி லலிதாவும். அண்ணனுடைய மகள் வேலைக்குச் சேர்ந்த சந்தோஷத்தில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி நான்கு பேரையும் அனுப்பிவைத்திருந்தாள்.

பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நான் இந்தியில் வணக்கம் சொன்னேன். மங்களம் மாமி என் முகத்தையே பார்த்தார்.

"தமிழா நீங்க?"

"ஆமா மாமி. தாராவி."

"ஐயோ, நாங்க மாட்டுங்காவாக்கும்!"

மும்பையில் தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் அந்தத் தெருவில் எதிரெதிரே வந்திருந்தால் மாமி என்னை ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டார், நானும் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். அரபிக் கடலில் மிதந்ததால் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம். மாமி டப்பாவைத் திறந்து இரண்டு முறுக்கை என் கையில் வைத்தார். கப்பலில் விருந்தாளி கொடுப்பதைத் தின்னக் கூடாது. தின்றேன்.

"இது என்னத்துக்கு நடுவுல?" என்று மாமி பால்கனித் தடுப்பைத் தட்டிக் காட்டினார். "பக்கத்துல இருக்கறது என் ஓர்ப்படிதான். ஆத்துல ஒரே சமையல்கட்டுல புழங்கறோம். இங்க வந்து சுவர் வெச்சுக்கணுமா? திறந்துடுங்கோளேன்."

தம்பியும் லலிதாவும் அப்போது மேல் தளத்தில் சாப்பிடப் போயிருந்தார்கள். வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் பிறந்து வளர்ந்த 'சால்' என்னும் வரிசைக் குடியிருப்பில் பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே பொதுத் தாழ்வாரம். அங்கே பகலில் யாராவது கதவைச் சாத்தினால், வீட்டில் சண்டையா, யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லையா என்று நாலு பேர் வந்து தட்டுவார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு நடுவில் ஒரு தடுப்பு நிற்பது எனக்கே அவமானமாகப் பட்டது. சாவியை எடுத்துத் திருகினேன். சூப்பர்வைசரிடமும் சொல்லவில்லை. நம்ம ஆட்களுக்கு நாம் செய்யாமல் யார் செய்வது என்ற பெருமையில் மூன்றாவது முறுக்கையும் வாங்கிக்கொண்டேன். சாப்பிடப் போனவர்கள் வந்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். ஆச்சரியப்பட்டார்கள்.

மறுநாள் காலை தம்பியின் கேபினுக்குப் படுக்கை சரிசெய்யப் போனேன். நல்ல வெயில். ஆனால் அறையின் கண்ணாடிக் கதவுக்குத் திரைச்சீலை முழுதும் இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு லலிதா உட்கார்ந்திருந்தார். கணவர் அண்ணனோடு டீ குடிக்கப் போயிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ நிழல் வலமிருந்து இடமாகப் போனது. கொஞ்ச நேரத்தில் இடமிருந்து வலமாக வந்தது.

"மன்னி நடக்கறா" என்றார் லலிதா. "இரண்டு பால்கனியும் சேர்ந்ததால நடக்க நீளமா இருக்காம். அண்ணா காலம்பற நாப்பது தரம் நடந்துட்டார். துணியும் உலர்த்தியாச்சு." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "அதைத் திறந்தது யாரு, நீங்களா?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தாம்மா!" என்றேன். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துத் தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எங்காத்துல ஒரு பெட்ரூம், ஒரு ஹால். பெட்ரூம் அண்ணா மன்னிக்கு. நாங்க ஹால்ல. இருபத்து மூணு வருஷமாச்சு. எல்லாரும் டிவி பார்த்து முடிச்சப்பறம் படுக்கையை விரிக்கணும். பால்காரன் பெல் அடிக்கறதுக்கு முன்னாடி சுருட்டி வெச்சுடணும். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தலை. மன்னி நல்லவாதான். ஆனா சாத்திக்கறதுக்குக் கதவுன்னு ஒண்ணு எனக்கு இந்த நாலு நாள்தான். கடலைப் பார்த்துண்டு சும்மா உக்காரலாம்னு வந்தேன். திரைச்சீலையைப் பார்த்துண்டு உக்காந்திருக்கேன்."

என் கையில் தலையணை உறை இருந்தது. அதை என்ன செய்வது என்று மறந்துவிட்டேன்.

"இப்பமே சாத்திருதேன்மா."

"சாத்தணும். ஆனா நான் சொல்லிச் சாத்தினேள்னு தெரியப்படாது. 'எங்களைப் பார்க்கப் பிடிக்காம சுவர் வெச்சுண்டா'ன்னு ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவா. அதே ஹால்லதான் நான் திரும்பிப் போய்ப் படுக்கணும். இவர்கிட்டயும் சொல்லலை. சொன்னா அண்ணாகிட்ட சொல்லாம இவருக்கு இருப்புக் கொள்ளாது."

நான் சும்மா இருந்தால் அவருடைய நான்கு நாள் போய்விடும். அவசரப்பட்டுச் சாத்தினால் இருபத்து மூன்று வருடமாகக் கட்டிக் காத்த நல்ல பெயர் போய்விடும். இரண்டுக்கும் காரணம் என் முறுக்கு. 'கவலைப்படாதீங்கம்மா, என்ட்ட விட்டுருங்க' என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்னிடம் விட்டதுதான் ஏற்கெனவே நடந்த தப்பு என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அரை மணி நேரம் யோசித்து ஒரு பொய்யைத் தயார் செய்தேன். அண்ணன் கேபின் கதவைத் தட்டி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"சார், கேப்டன் ஆர்டர் வந்திருக்கு. பெருங்காத்து வரப் போவுதாம். தடுப்பை மூடச் சொல்லியாச்சு."

சேதுராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தட்டில் ஊற்றி வைத்த பால் மாதிரி கிடந்தது கடல். காலையில் உலர்த்திய துண்டு கம்பியில் நுனிகூட அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"காத்தா? எங்கேர்ந்து வரது?"

"அந்தப் பக்கத்துல இருந்து சார்" என்று கையைப் பொதுவாக வீசினேன். அது கழிவறையின் பக்கம்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினார். அதே வரிசையில் நான்கு கேபின் தள்ளி இன்னொரு தடுப்பு ஜம்மென்று திறந்து கிடந்தது. அதையும் முந்தின நாள் திறந்தவன் நானே, அது முறைப்படி கேட்டுத் திறந்தது.

"அது திறந்திருக்கே?"

"அங்க காத்து கம்மி சார்." இது இரண்டாவது பொய்.

"ஒரே கப்பல். ஒரே பக்கம். முப்பது அடி தள்ளி. அங்க காத்து கம்மியா?" என்றார் அவர். வங்கிக் கிளைகளில் எத்தனை மேனேஜர்கள் இந்தக் குரலைக் கேட்டு வேர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நானும் வேர்த்தேன். மாமி அதற்குள் எழுந்து வந்துவிட்டார்.

"யாராவது சாத்தச் சொன்னாளா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பக்கத்து அறையின் திரைச்சீலையைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் சரியான இடத்தைத்தான் பார்த்தார். அங்கே பார்க்க வைத்தது என் பொய். நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் அந்தச் சந்தேகம் அவருக்கு வந்திருக்காது. சேதுராமன் சட்டையை மாட்டிக்கொண்டு, ரிசப்ஷனில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

ரிசப்ஷனில் காற்றெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லி, எங்கள் சூப்பர்வைசரை அனுப்பினார்கள். கோவாக்காரக் குடும்பம், மும்பை வடாலாவில் வளர்ந்த பெண்மணி, பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். உயரம் என் தோள் வரைக்கும்தான் வரும், ஆனால் அவர் வரும்போது நாங்கள் எல்லோரும் அவரைவிடக் குட்டையாகிவிடுவோம். அவர் நடைக்கூடத்தில் வந்து நின்றபோது குடும்பம் முழுதும் அங்கே இருந்தது. அண்ணன் நடந்ததை வரிசையாகச் சொன்னார். தம்பி கிருஷ்ணன் ஒன்றும் புரியாமல் கையில் டீக் கோப்பையோடு நின்றார். மாமி லலிதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். லலிதா தன் கேபின் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகத்தில் ரத்தமே இல்லை.

சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கேட்டார். லலிதாவை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் மூன்றாவது பொய்யைத் தொடங்கினேன். "மேடம், அந்தக் கீலில் ஒரு ஸ்க்ரூ..." என்று இந்தியில் ஆரம்பித்தேன்.

"ஏக் மினிட்" என்று கையைக் காட்டினார். பாதிப் பொய் என் வாயிலேயே நின்றுபோனது. "தடுப்பைத் திறந்தது நீயா?"

"ஆமாம்."

"திறக்கும்முன் இரண்டு கேபினையும் கேட்டாயா?"

"இல்லை."

"என்னைக் கேட்டாயா?"

"இல்லை மேடம்."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "சார், காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. இவர் யாரையும் கேட்காமல், விதியை மீறித் திறந்திருக்கிறார். விதியை மீறித் திறந்ததை மூட வேண்டும். தன் தப்பைச் சொல்ல வெட்கப்பட்டு உங்களிடம் காற்று என்று கதை விட்டிருக்கிறார். மன்னிக்க வேண்டும்."

விஷயம் முடிந்தது என்று நான் மூச்சு விடுவதற்குள் சேதுராமன், "அப்போ இப்ப முறைப்படி கேட்டுத் திறங்கோ. நாங்க எல்லாரும் இங்கதானே இருக்கோம்" என்று இந்தியில் சொன்னார். பிறகு தமிழில், "என்ன லலிதா, உனக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று தம்பி மனைவியைப் பார்த்தார்.

லலிதாவின் வாய் திறந்தது. 'இல்லை' என்று சொல்வதற்குத்தான் திறந்தது. இருபத்து மூன்று வருடமாகப் பழகிய வாய் வேறு எதற்குத் திறக்கும்?

சூப்பர்வைசருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் லலிதா பதில் சொல்வதற்குள் குறுக்கே வந்தார். "சாரி சார். என் ஊழியர் தப்பு செய்த இடத்தில், இந்தப் பயணம் முடியும்வரை அந்தத் தடுப்பைத் திறக்க நான் அனுமதிக்க மாட்டேன். அது என் முடிவு. யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இவருக்கு எச்சரிக்கைக் கடிதமும் உண்டு."

அண்ணன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ப்ரொசீஜர் மீறல், அதற்கு நடவடிக்கை, அதுவும் எழுத்தில்! வாழ்நாள் முழுக்க அவர் கேட்டது அதைத்தானே. "அப்படிச் சொல்லுங்கோ! காலம்பறேர்ந்து நான் கேக்கறது இதைத்தான்" என்று சொல்லி, எனக்குப் பதினைந்து நிமிடம் ப்ரொசீஜரின் அருமையை விளக்கினார். மாமிக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. "பாவம், நம்மாத்து மனுஷா மாதிரி நெனச்சுண்டு திறந்துட்டார். விடுங்கோ" என்று கணவரை அடக்கிவிட்டு, எனக்கு இன்னும் இரண்டு முறுக்கு கொடுத்தார். லலிதாவை யாரும் பார்க்கவில்லை. அவர் சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் போய்த் தடுப்பை மூடிப் பூட்டினேன். அந்த மாதம் சிறந்த ஊழியர் என்று எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் என் போட்டோவை மாட்டுவதாக இருந்தார்கள். அதற்காக முடிகூட வெட்டிக்கொண்டு தயாராக இருந்தேன். அங்கே துணி வெளுக்கும் பிரிவிலிருந்து ஒருவனுடைய படம் வந்தது. எனக்குக் கிடைத்தது கடிதம்.

சாமான் அறையில் வைத்து சூப்பர்வைசர் என்னைக் கேட்டார். "அந்த அம்மாவைக் காப்பாற்ற உன் தப்பே கையில் தயாராக இருந்தது. அதை எடுத்து நீட்டாமல், கடலில் போய் ஏன் காற்றைத் தேடினாய்?"

"அந்த அம்மா சாத்தச் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வடாலாவில் ஒரே ரூமில் எட்டுப் பேர் நாங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அந்தக் கையைப் பார்த்தாலே தெரியாதா?" என்றார். நானும் ஒரே ரூமில் வளர்ந்தவன்தான். எனக்குத் தெரியவில்லை.

புதிதாக வேலைக்கு வந்தவர்களே, இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. ஒருவரைக் காப்பாற்ற ஒரு கதை வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போது, முதலில் உங்கள் சொந்தத் தப்பு ஏதாவது பக்கத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் கட்டாயம் கிடக்கும். அதை எடுத்து முன்னால் வையுங்கள். அடுத்தவன் தப்பைப் பார்த்த பிறகு மனிதர்கள் வேறு எதையும் தேட மாட்டார்கள்.

அதன் பிறகு லலிதாவின் கதவில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டை தொங்கிக்கொண்டே இருந்தது. கப்பல் மும்பைக்குத் திரும்பிய காலைதான் என்னை உள்ளே விட்டார். படுக்கை அலங்கோலமாகக் கிடந்தது. போர்வை ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம், மெத்தை மேல் ஒரு காபிக் கோப்பை. திரைச்சீலை முழுதும் ஒதுங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கோங்கோ" என்றார். "சுருட்டவே இல்லை. வேணும்னேதான். நாள் பூரா விரிச்சே வெச்சிருந்தேன்."

நான் போட்டுச் சரிசெய்த படுக்கைகளுக்குக் கணக்கே கிடையாது. ஒன்றுகூட ஞாபகம் இல்லை. அந்த ஒரு படுக்கை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது இதையெல்லாம் என் மனைவி செல்வியிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். கழிவறைப் பக்கமிருந்து காற்று வந்ததை நடித்தே காட்டினேன். எங்கள் வீடு தாராவியில் ஒரே அறை, ஒரு சமையல் மேடை. மகள்கள் இரண்டு பேரும் கல்லூரிக்குப் போயிருந்தார்கள். செல்வி சிரிக்கவில்லை.

"அந்த அம்மாட்ட மொதல்லயே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேக்காததுதான் தப்புன்னு சொல்லுதேன்லா."

"கப்பல்ல கேக்கல. சரி. இங்க என்னைக்காவது கேட்டியளா?"

"என்னத்த?"

"எனக்கு ஒரு கதவு வேணுமான்னு."

உலகம் முழுக்க அடுத்தவர்களுடைய கதவை மூன்று முறை தட்டி, 'ஹவுஸ்கீப்பிங்' என்று சொல்லி, பதில் வரும்வரை நின்றவன் நான். என் வீட்டில் தட்டுவதற்குக் கதவே இருந்ததில்லை, தட்ட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. விடுமுறைக்கு வந்தால் அறை முழுக்க நான்தான் இருப்பேன், என் பெட்டியும் என் தூக்கமும் என் டிவியும். அவளுக்கு அந்த அறையில் எந்த இடம் என்று யோசித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் தாதர் கடைத்தெருவுக்குப் போய்க் கம்பியும் துணியும் வாங்கி வந்தோம். நிறம் அவள்தான் பார்த்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதைச் சுற்றி ஒரு திரைச்சீலை, பக்கத்தில் இரும்பு பீரோ. உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. துணியைத் தட்ட முடியாது என்பதால், ஏதாவது வேண்டுமென்றால் பீரோவை மூன்று முறை தட்டுவேன். சில நாள் 'வாங்க' என்பாள்.

இன்று காலை தட்டினேன். "பொறவு வாங்க" என்றாள். சரி என்று வந்து உட்கார்ந்துதான் இதை உங்களுக்கு எழுதினேன். இன்னும் கூப்பிடவில்லை.